கையில் சானிடைசர், குழாயில் சாக்கடை

கொரோனா போய் ஆண்டுகள் ஆகியும் வேலூரிலும் ஆம்பூரிலும் பல கடைகளின் கல்லாப்பெட்டி ஓரத்தில் சானிடைசர் பாட்டில் இன்னும் நிற்கிறது. சிலவற்றில் பம்ப் இறுகிப்போய், அழுத்தினால் இறங்குவதுகூட இல்லை. ஆனாலும் அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. கிருமியைப் பற்றிய பயம் நமக்குள் நன்றாகவே குடியேறிவிட்டது. பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் பயப்பட வேண்டிய திசையை விட்டு வேறு திசையைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம் என்பதும், அதனால் நகராட்சிகளும் அரசும் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருக்கின்றன என்பதும்தான் நம் குற்றச்சாட்டு.

டைபாய்டை எடுத்துக்கொள்வோம். 2017 முதல் 2020 வரை வேலூர், டெல்லி, கொல்கத்தா நகரங்களிலும் புனே பக்கத்துக் கிராமங்களிலும் சுமார் 24,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. ரத்தப் பரிசோதனையில் உறுதியான டைபாய்டு, புனே கிராமங்களில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 35. நகரங்களிலோ 576 முதல் 1,173 வரை. டைபாய்டுக் கிருமி ஆட்டிலும் மாட்டிலும் வாழ்வதில்லை; அதற்கு மனிதன் மட்டுமே வீடு. ஒரு குழந்தைக்கு டைபாய்டு வந்தது என்றால், எங்கோ ஒருவருடைய மலம் இந்தக் குழந்தையின் வாய்வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். கேட்க அருவருப்பாக இருந்தாலும் நடப்பது அதுதான். அது வரும் வழி பெரும்பாலும் தண்ணீர், அல்லது தண்ணீர் பட்ட சாப்பாடு. குழந்தையின் பள்ளிப் பையில் செருகிய சானிடைசர் பாட்டில் அந்த வழியில் குறுக்கே நிற்காது.

அதற்கும் முன்னால், வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை தொடர்ந்த ரோட்டா வைரஸ் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைகளை அந்த வைரஸ் தொட்டுவிட்டது. ஆறு மாதக் கைக்குழந்தையிடம் போய்க் கை கழுவும் பழக்கம் பற்றிப் பாடம் எடுக்க முடியுமா? ரோட்டா வைரஸின் கொட்டத்தை அடக்குவதற்குத் தடுப்பு மருந்துதான் வர வேண்டியிருந்தது. அந்த மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது. விளம்பரத்துச் சோப்பு செய்யாததை, அங்கன்வாடியில் வாயில் விட்ட சில சொட்டு செய்தது. சோப்பு என்றதும் இன்னொன்று: கிருமிநாசினி சேர்த்த சோப்பு சாதா சோப்பைவிடச் சிறந்தது என்பதற்குக் கம்பெனிகள் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று சொல்லி, டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 ரசாயனங்களை 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோப்புகளிலிருந்து விலக்கியது. நம் ஊர் டிவியில் 99.9 சதவீதக் கிருமியைக் கொல்லும் என்ற விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிருமியோடு போராடுவது எப்படி என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே நடக்கும் தோல் தொழிலின் பாதி அறிவு அதுதான். உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். அழுக வைப்பவை பாக்டீரியாக்கள். அதனால்தான் மண்டிக்கு வரும் பச்சைத் தோலின் உள்பக்கம் முழுக்கக் கல்லுப்பு அப்பியிருக்கும். தோலின் எடையில் நாற்பது சதவீதம் அளவுக்குக்கூட உப்பு போடுவார்கள். விரித்து உதறினால் உப்பும் ரத்தமும் சேர்ந்த கட்டி தரையில் விழும். தோல் பதனிடும் ஷாப்பில் முதல் வேலையே ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பு, பிறகு மயிர் நீக்குவது. பதனிட, ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாறு. இப்போது பெரும்பாலும் குரோம். குரோமில் ஊறி நீலநிறமாக வெளியே வரும் தோலைக் கிருமியால் தின்ன முடியாது. ஆட்டுத்தோலைக் கிருமியிடமிருந்து காப்பதில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

கழுவிய உப்பு எங்கே போனது? பாலாற்றுக்கும் அதன் கரைக் கிணறுகளுக்கும்தான். தோல் தொழில் நடக்கும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கை, 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த அந்த வழக்கை நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மாசு செய்தவரே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். வழக்கின் அழுத்தத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, எதிர் சவ்வூடு பரவல் வந்தது, ஆவியாக்கிகள் வந்தன. உப்பு இப்போது ஆற்றில் கரைவதற்குப் பதில் வளாகங்களில் மூட்டையாகக் குவிகிறது.

அந்த வழக்கைச் சுற்றுச்சூழல் வழக்காக மட்டுமே படிக்கிறோம். அது சுகாதார வழக்கும்கூட. கரையோரக் கிணறும் ஆழ்துளைக் கிணறும் உப்பேறியதால் ஊர்கள் தொலைதூரத் தண்ணீரை நம்ப வேண்டியதாயிற்று. பாலாறு வறண்டதற்கும் மணல் போனதற்கும் வேறு குற்றவாளிகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருந்த நிலத்தடி நீரையும் வாயில் வைக்க முடியாமல் செய்தது தோல் கழிவு. மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவரும் நிலை வந்தது. தூரத்துத் தண்ணீர் தினமும் வராது. முறை வைத்து விடுவார்கள். விடாத நாளில் குழாய் காலி. பல தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்திருக்கிறது. உள்ளே அழுத்தம் இல்லாதபோது விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே கசியும். தண்ணீர் வரும் நேரத்தில் நாலு வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். “முதல் ரெண்டு குடத்தைக் கீழே ஊத்திட்டுப் பிடிம்மா” என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதனால்தான். அந்த ஒரு பேச்சில் நகராட்சிப் பொறியாளரின் அறிக்கை முழுவதும் அடங்கிவிட்டது.

பிடித்த தண்ணீர் அடுத்த முறை வரும்வரை டிரம்மில் நிற்கும். டிரம்மில் கொசு முட்டையிடும். டெங்குவுக்கு அதுவே பண்ணை. டிரம்மிலிருந்து சொம்பால் மொண்டால், மொண்ட கையும் தண்ணீரில். குடிக்க மட்டும் கேன் வாங்குவோம் என்று வசதி உள்ளவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கேன் தண்ணீர் இனிக்கிறது, உப்புக் கரிக்கவில்லை, அதனால் சுத்தம் என்று நாக்கு தீர்ப்பு எழுதிவிடுகிறது. உப்பு போவதும் கிருமி போவதும் வேறு வேறு சங்கதி. கேன் தண்ணீரில் பெரும்பாலும் குளோரினும் மிஞ்சுவதில்லை. சரியாகக் கழுவாத கேனில் அடைத்தாலோ, வீட்டில் திறந்து வைத்தாலோ, அதில் புதிதாக விழும் கிருமியைத் தடுக்க எதுவும் இல்லை. ஆக, தோலில் கிருமி அண்டக் கூடாது என்று போட்ட உப்பு, சுற்றிச் சுற்றி வந்து நம் பிள்ளைகளின் குடலில் கிருமி புக வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் “கை கழுவுங்கள்” என்று சுவரொட்டி ஒட்டுவது பொறுப்பைக் கைகழுவுவதாகத்தான் முடியும்.

பயம் போகும் தவறான திசை என்று எதைச் சொல்கிறோம்? மனிதர்களைத்தான். 2020 ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட நிர்வாகம், ஆந்திர எல்லையில் குடியாத்தம்–பலமனேரி சாலையில் சைனகுண்டாவிலும், பொன்னை வழியாகச் சித்தூர் போகும் சாலையிலும் ரோட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பியது. கிருமி சித்தூரிலிருந்துதான் வருகிறது என்ற நினைப்பு. கண்டனம் எழுந்ததும் இடித்தார்கள். அதே மாதம் திருப்பூரில் மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் ஒன்றைத் திறந்து ஊரே கைதட்டியது. ஆளின் மேல் மருந்தடிப்பது பயனில்லை, தீங்கு என்று மத்திய சுகாதாரத் துறை அந்த மாதமே சொல்ல வேண்டி வந்தது.

தோல் ஷாப்பில் வேலை முடித்து வருகிறவருக்குப் பக்கத்தில் பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார யோசிக்கிறவர்களை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். அவர் சட்டையில் வீசுவது சுண்ணாம்பும் சல்பைடும். அது அவருடைய நுரையீரலுக்குத்தான் கெடுதல். பக்கத்துச் சீட்டுக்காரருக்கு ஒட்டாது. அதே ஆள் வீட்டுக்குப் போய்க் குடிக்கும், வாசனையே இல்லாத தண்ணீரில்தான் ஆபத்து இருக்கிறது. நாற்றத்தைக் கிருமி என்றும், நாறும் வேலை செய்கிறவரை நோய் என்றும் எண்ணுவது பழைய தீட்டுக் கணக்கு. அறிவியல் சட்டை போட்டுக்கொண்டு அது மறுபடி நடமாடுகிறது. இதற்குத் தொழுநோயே சாட்சி. கரிகிரி தொழுநோய் மையம் நம் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியதும் இதே வேலூரில்தான். மருந்தால் குணமாகும் நோய் என்று தெரிந்த பிறகும் 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டத்தை நீக்க 2016 ஆயிற்று. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் போக 2019 ஆயிற்று. மருத்துவம் முன்னே போய்விட்டது. மனம் மெதுவாகத்தான் வந்தது.

பச்சைத் தோலிலிருந்து கிருமியே வராதா என்றால், வரும். அடைப்பான் நோயில் செத்த மாட்டின் தோலைக் கையாள்பவருக்கு ஆந்த்ராக்ஸ் வரலாம். அதன் விதைத்துகள்களைச் சானிடைசரும் கொல்லாது. ஆபத்து அந்தத் தொழிலாளிக்கு. காக்க வேண்டியவரையே நாம் ஒதுக்கி வைக்கிறோம்.

“மக்கள் மாறாமல் நகராட்சி என்ன செய்யும்? கண்ட இடத்தில் துப்புகிறார்கள், சாக்கடையில் குப்பையைக் கொட்டுகிறார்கள்” என்று அதிகாரிகள் சொல்வது பொய்யல்ல. சோப்புப் போட்டுக் கை கழுவுவது வயிற்றுப்போக்கைக் குறைக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் கழுவத் தண்ணீர் வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு டிரம் என்று கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் வீட்டில் கை கழுவும் தண்ணீர்தான் முதலில் குறையும். பழக்கம் மாறட்டும் என்று காத்திருந்தால் தோல் ஷாப்காரர்களும் தாமாக மாறியிருக்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்து, ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டு, மூடுவோம் என்று மிரட்டியதால்தான் சுத்திகரிப்பு நிலையங்கள் எழும்பின.

பணமில்லை என்ற பதிலும் செல்லாது. குழாய்த் தண்ணீரில் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். அதைப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் எவ்வளவு ஏறுகிறது என்று அட்டையோடு ஒப்பிட்டால் போதும். வேலூர் மாநகராட்சியும் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை நகராட்சிகளும் தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வார்டிலும் கடைசித் தெருவில் இந்தச் சோதனையைச் செய்து, எண்ணை ரேஷன் கடை வாசலில் எழுதிப் போட வேண்டும். மஞ்சள் ஏறாத தெருவில் எந்தக் குழாய் சாக்கடைக்குள் கிடக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். டைபாய்டுக்குப் புதுத் தடுப்பூசியைச் சேர்க்கலாம் என்று தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழு 2022-இலேயே பரிந்துரைத்தது. இந்த வட்டாரக் குழந்தைகளுக்கு அதை முதலில் போட வேண்டும் என்று மாநில அரசு கேட்டு வாங்கலாம்.

தொழிற்சாலைகளுக்கும் பங்கு உண்டு. குடிநீர், கழிப்பறை, கை கழுவும் இடம் மூன்றையும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே கேட்டது. ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் பெண்களுக்கு, கண்காணிப்பாளரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டாத கழிப்பறையும் அங்கே சோப்பும் வேண்டும். கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது; தொட்டிக்கு வெளியேகூட ஆபத்து உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். நம் சுத்தத்துக்காகக் கட்டிய தொட்டி அது.

2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மறுபடி தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. இதுவரை இழப்பீடு என்றால் பெரும்பாலும் நிலமும் பயிரும்தான் கணக்கு. உப்பேறிய கிணற்றுக்குப் பதிலாக ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் வாங்கும் கேன் தண்ணீரின் விலையையும், டைபாய்டுக்குக் கட்டும் ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்துக் கணக்கெடுக்கும்படி அந்தக் குழுவைத் தமிழக அரசு கேட்க வேண்டும். அப்படி வசூலாகும் பணம் சாக்கடைக்குள் கிடக்கும் குழாய்களை வெளியே எடுக்கவே முதலில் செலவாகட்டும்.