'பிக்கப் இல்லண்ணே': இந்த ஒரு வரிதான் பைக் பில்லை ஏத்துது!

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது பைக் திணறுகிறது. எவ்வளவு முறுக்கினாலும் பின்னால் வந்த ஷேர் ஆட்டோகூட ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போகிறது. மறுநாள் காலை ஆபீஸ் அவசரத்தில் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, "பிக்கப்பே இல்லண்ணே, பாத்து வைங்க" என்று ஒரு வரி. சாயங்காலம் பில் வருகிறது: கிளட்ச் பிளேட் செட், ஸ்பிரிங், ஆயில், கார்ப்பரேட்டர் சர்வீஸ், லேபர். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் உண்மையில் எது கெட்டுப்போயிருந்தது? வண்டிக்காரருக்குத் தெரியாது, பல நேரம் மெக்கானிக்குக்கும் தெரியாது.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? கிளட்ச் வழுக்கினாலும் பிக்கப் இருக்காது, கார்ப்பரேட்டர் அடைத்தாலும் பிக்கப் இருக்காது. சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும் என்றால், இரண்டையும் பார்த்துவிடுவதுதான் அவருக்கு சேஃப். செலவு மட்டும் நம்முடையது.

காதுல கேட்டாலே தெரியும்

காலி ரோட்டில், டாப் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் எகிறுகிறது, ஆனால் ஸ்பீடு ஏறவில்லை என்றால் அது கிளட்ச். கருகிய வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். சத்தமே ஏறாமல், திக்கித் திக்கி மிஸ்ஸிங் ஆனால் கிளட்ச்சை விட்டுவிட்டு கார்ப்பரேட்டர், ஏர் ஃபில்டர், ப்ளக் பக்கம் பார்க்க வேண்டும்.

கிளட்ச் என்று தெரிந்ததும் உடனே பிளேட் மாற்றத் தேவையில்லை. முதலில் லீவரைப் பாருங்கள். பெரும்பாலான 100-150 சிசி பைக்குகளில் லீவர் நுனியில் சுமார் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆடும் லூஸ் இருக்க வேண்டும் (உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும்). பிளேட் தேயத் தேய இந்த லூஸ் குறைந்துகொண்டே வரும். லூஸே இல்லாவிட்டால், கை லீவரில் இல்லாதபோதும் கிளட்ச் பாதி பிடித்தபடியே ஓடும், வழுக்கும். கேபிள் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் திருப்பினால் பாதிப் பிரச்னை அங்கேயே முடிந்துவிடும். லூஸ் அதிகமானால் கதை தலைகீழ்: சிக்னலில் கிளட்ச் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் ஊரும், நியூட்ரல் விழாமல் படுத்தும்.

அடுத்த சந்தேகம் ஆயில். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால், புது பிளேட்கூட வழுக்கலாம். பாட்டிலில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதற்குப் பைசா செலவில்லை.

சோக் போட்டா மட்டும் ஓடுதா?

கார்ப்பரேட்டர் இன்னும் வெளிப்படையானது. சோக் போட்டால் ஓடுது, எடுத்தால் ஆஃப் ஆகுது என்றால் முதல் சந்தேகம் ஸ்லோ ஜெட். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மிச்சமிருக்கும் பிசின் அந்த மயிரிழை ஓட்டையை அடைத்துவிடும். ஸ்லோவில் நன்றாக இருந்து, ஃபுல்லாக முறுக்கும்போது மட்டும் திணறினால் மெயின் ஜெட் பக்கம் போகலாம். ஓவர்ஃப்ளோ டியூபில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் நீடிலில் தூசு, அல்லது அது தேய்ந்திருக்கும். ப்ளக்கைக் கழற்றினால் கரியாக இருக்கிறதா? பெட்ரோல் அதிகம் போகிறது; அடைத்துப்போன ஏர் ஃபில்டர்கூடக் காரணமாகலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்து காற்று இழுக்கிறது.

ஒரு விஷயத்தில் கறாராக இருக்கலாம். ஜெட் ஓட்டையைக் கம்பியால் குத்த விடாதீர்கள். பித்தளை ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் மைலேஜ் போச்சு. கிளீனர் ஸ்ப்ரேயும் ஏர் பிரஷரும் போதும். (2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு வாங்கிய பைக் என்றால் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான், இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கி டெலிவரி ஓட்டும் பலருக்கு கார்ப்பரேட்டர்தான் இன்னும் சோறு போடுகிறது. அங்கே ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகும்.)

ஆகவே அடுத்த முறை, "மேடு ஏறும்போது இன்ஜின் ரைஸ் ஆகுது, வண்டி இழுக்கல. லீவர்ல லூஸ் இருக்கு, ஆயிலும் சரியான ஆயில்தான்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிளேட் மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றுவதில் தப்பில்லை. ஸ்பிரிங்கையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லலாம். கழற்றிய பழைய பிளேட்டை மட்டும் கையில் வாங்கிப் பாருங்கள். கருகி, உராய்வுப் பட்டை தேய்ந்து, புது பிளேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் மெலிந்து தெரிகிறதா என்று.