புதியது எல்லாம் பொருத்தமானதா?

"குற்றால அருவியில் குளிக்க அனுமதி உண்டா?" என்று கணிப்பொறியிடம் கேட்கிறீர்கள். "அனுமதி உண்டு" என்று முதல் வரியிலேயே விடை வருகிறது. அது எந்த நாளின் விடை என்று பார்த்தீர்களா?

தேடுபொறி கட்டுரைகளை எப்படி வரிசைப்படுத்துகிறது? நாம் கேட்ட சொற்கள் எதில் மிகுதியாக உள்ளன என்று பார்ப்பது முதல் வழி. எங்கும் வரும் சொல்லுக்குக் குறைந்த மதிப்பும், அரிதாக வரும் சொல்லுக்கு உயர்ந்த மதிப்பும் தரவேண்டும் என்று 1972-இல் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் அறிஞர் விளக்கினார். இன்றும் இக்கருத்து பயன்படுகிறது. ஆனால் சொற்கள் பொருந்தினால் மட்டும் போதாது. காலமும் பொருந்த வேண்டும்.

காலத்தைக் கணக்கில் சேர்ப்பது எப்படி? கதிரியக்கத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கரி-14 அணுக்களில் பாதி, சுமார் 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும். இது அதன் அரை ஆயுட்காலம். செய்திக்கும் இவ்வாறே ஓர் அரை ஆயுளை வைத்துக்கொள்ளலாம். அருவிச் செய்தியின் அரை ஆயுள் ஒரு நாள் என்க. பொருத்தத்தில் 10 மதிப்பெண் பெற்ற மூன்று நாள் பழைய கட்டுரைக்கு, 5, 2.5 எனக் குறைந்து 1.25 மட்டுமே மிஞ்சும். பொருத்தத்தில் 4 பெற்ற இன்றைய செய்தி அதை எளிதாக முந்திவிடும்.

அப்படியானால் புதியதையே எப்போதும் முன்னால் வைக்கலாமே என்பார்கள் சிலர். இது தவறு என்பதே என் கருத்து. குற்றாலக் குறவஞ்சியைப் பாடியவர் திரிகூடராசப்பக் கவிராயர் என்பது நூறாண்டுப் பழைய நூலில் இருந்தாலும் உண்மைதான். அதைத் தள்ளிவிட்டு, நேற்று எவரோ அவசரமாக எழுதிய அரைகுறைக் குறிப்பை முன்னால் வைப்பது அறிவுடைமை ஆகுமா? ஆகவே அரை ஆயுள் கேள்விக்குக் கேள்வி மாறவேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் எழுதப்பட்டவை குற்றாலத்தைத் திருநெல்வேலி மாவட்டத்து ஊர் என்றே கூறும். அவ்வாண்டு அக்டோபரில் எழுதிய கட்டுரைக்கும் டிசம்பரில் எழுதிய கட்டுரைக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று பழசாகிவிட்டது. மற்றது இன்றும் சரி. மெல்ல மெல்லக் குறையும் கணக்கு இத்தகைய திடீர் மாற்றத்தைக் காட்டாது. மேலும், பழைய கட்டுரைக்குப் புதிய தேதியை ஒட்டிவிட்டால் பொறி ஏமாந்து போகும்.

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. குற்றாலத்தில் சாரல் பருவம் ஜூனில் தொடங்கும் என்றே பல கட்டுரைகள் சொல்லும். ஆனால் 2024 மே 17 அன்றே, மலையில் பெய்த மழையால் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய வேளையில் காலையில் வந்த செய்திகூட மாலைக்குப் பழசுதான். அருவிக்கரையில் நிற்கும் காவலரின் எச்சரிக்கையே அங்கு முதலிடம் பெறவேண்டும்.

எனவே தேடுபொறியை அமைப்போர் ஒவ்வொரு விடையின் அருகிலும் அது எழுதப்பட்ட நாளைத் தெளிவாகக் காட்டவேண்டும். நாமும் எதை எழுதினாலும் தேதியிட்டு எழுதப் பழகுவோம். விடையைப் படிக்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எப்போது எழுதப்பட்டது? நான் கேட்பது நாள்தோறும் மாறக்கூடியதா? இவ்விரண்டையும் உங்களுக்காக எந்தப் பொறியும் முழுமையாகக் கேட்டுவிடாது.