மச்சானுக்கு ஒரு தக்கை!

ஏரிக்கு பிக்னிக் போகும் குடும்பங்களில் இரண்டு ஜாதி உண்டு. 'எனக்கு நீச்சல் தெரியாதுப்பா' என்று கரையிலேயே உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தை ஒரு கட்டு கட்டுகிறவர்கள் ஒன்று. 'எனக்கு நீச்சல் தெரியுமாக்கும்' என்று படகில் எழுந்து நின்று போட்டோவுக்கு போஸ் கொடுக்கிறவர்கள் இன்னொன்று. ஆபத்து அதிகம் இரண்டாவது ஜாதிக்குத்தான்!

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து ஒன்பது உருப்படிகள் கிளம்பினோம். ஏரியின் பெயர் வேண்டாம். படகுக்காரர் இந்தப் பத்திரிகையின் வாசகராக இருந்து தொலைத்தால் வம்பு.

முதலில் மீன் படலம். தலைமை: மாமனார். குத்தகைக்காரரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். (பல ஏரிகளில் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். தண்ணீர் இருக்கிறதே என்று தூண்டிலோடு போய் இறங்கிவிடாதீர்கள்!) முள்ளில் மண்புழுவைக் கோத்தார். மயிலிறகுத் தண்டில் அவரே செய்த தக்கையைக் கட்டினார்.

"தக்கை ஆடினா மீன் மோந்து பாக்குதுன்னு அர்த்தம் மாப்பிள்ளை. முங்கினா கவ்விடுச்சு. ஆனா, யாரும் சத்தம் போடக் கூடாது."

எங்கள் குடும்பத்திடம் போய் இப்படி ஒரு கண்டிஷன்! மாமியார் எதிர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி ஆரம்பித்ததும் பாதி ஏரி காலியாகியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் மாட்டியது இரண்டே இரண்டு ஜிலேபிக் கெண்டை. நான் பி.காம். ஆசாமி. வேன் வாடகை, தூண்டில், படகு டிக்கெட், நொறுக்குத் தீனி எல்லாம் கூட்டினால் 4,680 ரூபாய். ஒரு மீனின் அடக்க விலை 2,340!

"சும்மா நினைக்காதீங்க. ஆப்பிரிக்கா மீனு. 1952-ல நம்ம நாட்டுக்கு வந்தது. தாய் மீன் முட்டையை வாயிலேயே வெச்சுக் குஞ்சு பொரிக்கும். அத்தனை நாளும் சரியா இரைகூட எடுக்காது" என்றார் மாமனார்.

அடுத்தது படகு. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன. ஒன்றை முகர்ந்து பார்த்த என் சகதர்மிணி மூக்கைப் பொத்திக்கொண்டாள். படகுக்காரரோ, "ஆழம் கிடையாது சார். இஷ்டம்னா போட்டுக்கோங்க" என்று ஜனநாயகம் பேசினார்.

மச்சான் மார்பைத் தட்டினார். "காவேரியில அக்கரைக்கும் இக்கரைக்கும் நீஞ்சினவன் மாப்ளே நான். எனக்கு எதுக்கு இந்தக் கண்றாவி?"

உடனே என் எட்டு வயசுப் பையன், "மாமா போடலைன்னா எனக்கும் வேணாம்!"

மாமனார் கோபப்படவில்லை. தூண்டிலைத் தூக்கித் தன் பிள்ளையின் மூக்குக்கு நேராகக் காட்டினார். "டேய், ஒரு புழுவைத் தண்ணியில விடுறதுக்கே தக்கை கட்டுறோம். உன்னை விடுறதுக்குக் கட்ட வேணாமா?"

மச்சான் கப்சிப். ஜாக்கெட்டை மாட்டினார். தொப்பை காரணமாகக் கொக்கி சேரவில்லை. பெரிய சைஸ் தேட வேண்டியதாயிற்று. பையனும் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டான்.

சிரிப்பு இருக்கட்டும். 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போனவர்களில் 22 பேர் திரும்பவில்லை. இவர்களும் சாப்பாட்டு மூட்டையோடு சந்தோஷமாகக் கிளம்பியவர்கள்தான்.

தண்ணீரில் நம் எடையில் பெரும் பங்கைத் தண்ணீரே சுமந்துகொள்கிறது. தலை வெளியே நிற்கப் பெரியவர்களுக்கு மேற்கொண்டு சுமார் 3 முதல் 5 கிலோ மிதப்பு இருந்தால் போதும். ஜாக்கெட் தருவது அதைத்தான். மண்டையில் அடிபட்டு மயக்கம் போட்டவனுக்குக் காவேரி நீச்சல் உதவாது; ஜாக்கெட் உதவும்.

ஆகவே மகாஜனங்களே, ஜாக்கெட் இல்லையென்றால் படகு வேண்டாம். போட்டால் கொக்கியையும் மாட்டுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் சைஸ் இல்லை. குழந்தைக்குக் குழந்தை சைஸ்தான். ஏதாவது தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள்.

மீன் கணக்கு நஷ்டத்தில் முடியலாம், பரவாயில்லை. வேனில் போன தலையும் திரும்பி வந்த தலையும் டாலி ஆக வேண்டும். அந்த ஒரு கணக்கில் மட்டும் பைசா வித்தியாசம் கூடாது!