புதுக் கொம்பியூட்டர் கேட்க முதல் ஃபேனைத் திருப்பிப் பாருங்கள்



பள்ளிக்கூடக் கணினி அறைக்குப் புது மெஷின்கள் வேணும், வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆக்களிட்டக் கேட்போம் என்று போன கிழமை பேச்சு வந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்று நாங்கள் சொன்னது சிலருக்குக் கோபம். ஏன் சொன்னோம் என்று எழுதிவிடுகிறோம்.

"பழுது" என்று மூலையில் தள்ளியிருந்த ஐந்து மெஷினைத் திறந்து பார்த்தோம். மூன்றில் ஒரு பாகமும் பழுதில்லை. முன் ஃபேனும் காற்றை வெளியே தள்ளுது, பின் ஃபேனும் வெளியே தள்ளுது. பிறகு காற்று எங்கால வரும்? கேசிங்கில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையாலும், இடுக்காலும் புழுதியோடு வரும். புரொசெசருக்கு மேல் செம்மண் தூள் கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. சோளகம் வீசுகிற மாதங்களில் எங்கட யன்னல் கட்டைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, அதேதான். இன்றைய புரொசெசர்கள் பல 95, 100 பாகையை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். இன்னும் சூடேறினால் மெஷினே நின்றுபோகும். அதைப் பார்த்துத்தான் "போர்ட் போயிட்டுது" என்று முடிவு கட்டினோம். அந்தப் பிழை எங்களுடையதும்தான்.

பழைய நாற்சார் வீட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளிர்ந்த காற்று யன்னலால் உள்ளே வரும், வெக்கை முற்றத்தால் மேலே போகும். கேசிங்கும் அப்படித்தான். முன்பக்கம் கீழே இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க வேணும், பின்பக்கம் மேலே ஒன்று வெளியே தள்ள வேணும். ஒரே ஒரு ஃபேன்தான் இருக்கென்றால் அது பின்னுக்கு, வெளியே தள்ளுகிற மாதிரி. உள்ளே வருவது வெளியே போவதை விடக் கொஞ்சம் கூட இருந்தால், இடுக்குகளால் காற்று வெளியேதான் கசியும். புழுதி ஏறாது. முன்னுக்கு ஒரு துண்டு நுளம்பு வலை கட்டி, சோளக காலத்தில் கிழமைக்கு ஒருக்கால் கழுவினால் போதும்.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதுது என்று தெரியாவிட்டால், நடு மோட்டரைத் தாங்குகிற சட்டங்கள் இருக்கிற பக்கத்தால்தான் காற்று வெளியே வரும். நம்பிக்கை இல்லையா, ஒரு ரிசுத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பக்க மூடியைக் கழற்றி மேசை ஃபேனைப் பிடிக்கிற வைத்தியத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கோ. முதல் நாள் குளிரும், ஒரு மாதத்தில் உள்ளே தோட்டம் செய்யலாம். கண்ணாடி முகப்புக்குப் பின்னால் கலர் லைற் ஃபேன் ஆறு பூட்டுகிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்லவேணும். கண்ணாடிக்குள்ளால் காற்று வராது. கேசிங்கைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் பின்னால் போகிற வெக்கைக்கு வழியில்லை. ஃபேன் எத்தனை பூட்டினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே மெஷின் குளிராது. ஆகவே சித்திரை வெயிலில் கணினி அறை யன்னலைச் சாத்தி வைக்கிறதும் வேண்டாம்.

திருப்பிப் பூட்டிய மூன்றிலும் பிள்ளைகள் இப்போது சாதாரண தர பயிற்சி செய்கிறார்கள். மீதி இரண்டில் ஒன்றுக்கு பவர் சப்ளை உண்மையாகவே போயிட்டுது. காசு தர நினைக்கிறவர்கள் அதை வாங்கித் தாங்கோ. மற்றதைச் சனிக்கிழமை காலை திறக்கிறோம். திருப்புளியும் பெயின்ற் பிரஷும் இருக்கிறவர்கள் கொண்டு வாங்கோ.