சில்லறையாய்ச் சிதறும் முதல்

ரமலான் பிறை இருபதைக் கடந்துவிட்டால், நம் ஊர்களின் பெரிய வீட்டு வாசல்களில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். முக்காடிட்ட தாய்மார்களும் ஊன்றுகோல் பிடித்த முதியவர்களும் விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்பார்கள். உள்ளிருந்து ஒருவர் வந்து ஆளுக்கு ஒரு தாளாக நீட்டிக்கொண்டே போவார். நண்பகலுக்குள் கட்டு தீர்ந்துவிடும். "இந்த ஆண்டு ஜகாத் நிறைவேறிற்று, அல்ஹம்துலில்லாஹ்!" என்று வீட்டுக்காரர் மனநிறைவோடு எழுவார். அடுத்த ஆண்டும் அதே வாசல், அதே வரிசை, அதே முகங்கள்.

அந்த வரிசை ஏன் குறையவில்லை என்று நாம் கேட்பதில்லை. "சிறு தொழில் ஒன்று தொடங்கலாமென்றால் கையில் முதல் இல்லையே" என்று நம் இளைஞர்களும் கைம்பெண்களும் புலம்புவதையோ அன்றாடம் கேட்கிறோம். இவை ஒரே நோயின் இரு அறிகுறிகள். சமுதாயத்தில் முதல் இல்லாமலில்லை. அதைச் சில்லறையாக மாற்றிச் சிதறடித்துவிட்டு, இல்லையென்று கைவிரிக்கிறோம். இதுவே என் குற்றச்சாட்டு.

பிறரைக் குற்றம் சாட்டுமுன் என்னையே கூண்டில் நிறுத்துகிறேன். என் தெருவில் ஒரு விதவைத் தாய் இடியாப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறார். ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு ரமலானிலும் நான்கைந்து தனவந்தர்களிடம் சொல்லி, ஏறத்தாழ 1,500 ரூபாய் அவருக்குச் சேரும்படி செய்துவந்தேன். அதைப் பெரிய நற்பணியாகவும் எண்ணியிருந்தேன். ஏழாம் ஆண்டு பணத்தைப் பெற்றுக்கொண்ட அந்தத் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், தப்பாக நினைக்க வேண்டாம். ஏழு நோன்பிலும் தந்ததை முதல் நோன்பிலேயே மொத்தமாகத் தந்திருந்தால், தண்டல்காரருக்கு நான் கதவு திறந்திருக்க வேண்டியதில்லையே."

வீடு திரும்பிக் கணக்குப் போட்டேன். ஏழு ஆண்டுகளில் நாங்கள் கொடுத்தது 10,500 ரூபாய். அடுப்புக்கும் கொப்பரைக்கும் அரிசிக்குமாக அவர் தண்டலில் எடுத்ததோ 10,000 ரூபாய்!

தண்டலின் கணக்கைச் சற்றே பாருங்கள். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய முதல் நாள்தோறும் கரைவதால், சராசரியாக அவர் கையில் நிற்பது 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டியென்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம்! கொடும் வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆயினும் நாளை விடியலில் அடுப்பு மூட்ட வேண்டியவளுக்குச் சட்டம் அரிசி தராது. நாம் தந்திருக்கலாம், தரவில்லை. அவளுடைய உழைப்பின் முதல் பயனை வட்டிக்காரர் உண்டுகொண்டிருந்த வேளையில், வட்டி ஹராம் என்று நாம் மிம்பரில் முழங்கிக்கொண்டிருந்தோம்.

மார்க்கம் நமக்கு இப்படியா கற்றுத் தந்தது? ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டுங்கள். கைத்தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவும், வணிகம் தெரிந்தவனுக்கு அவ்வணிகத்துக்குப் போதிய முதலும் ஜகாத்திலிருந்து கொடுக்க வேண்டுமென்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஉ'வில் விளக்குகிறார்கள். எவ்வளவு முதல் என்பதற்கு அம்மத்ஹபின் நூல்களில் பட்டியலே உண்டு: கீரை விற்பவனுக்கு 5 திர்ஹம், பழம் விற்பவனுக்கு 20, ரொட்டி சுடுபவனுக்கு 50, மளிகைக்காரனுக்கு 100, துணி வணிகனுக்கு 2,000. ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ப இந்த அளவு மாறும் என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். ஜகாத்தை ஏழையைத் தொழிலில் நிறுத்தும் முதலாகவே அவர்கள் கண்டார்கள். மதரஸாவில் இப்பட்டியலை நான் மனனம் செய்தேன்; தேர்விலும் எழுதினேன்; தெருவில் இறங்கியதும் மறந்துபோனேன்.

ஹனஃபி மத்ஹபில் ஒருவருக்கே நிஸாபு அளவு கொடுப்பது மக்ரூஹ் அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் கடனாளிக்கும் குடும்பஸ்தருக்கும் அதில் விலக்கு உண்டு. அன்றியும், இன்றைய விலையில் 10,000 ரூபாய் வெள்ளியின் நிஸாபைக்கூட எட்டாது. சட்டம் நம் கையைப் பிடிக்கவில்லை, பழக்கமே பிடித்திருக்கிறது.

"மொத்தமாகக் கொடுத்தால் முதலைத் தின்றுவிடுவார்கள்" என்பது தனவந்தர்கள் சொல்லும் அடுத்த வாதம். இதற்கு என்னைவிடச் சிறந்த விடை அபூதாவூதில் பதிவான நிகழ்ச்சியில் இருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அன்ஸாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். அவர் வீட்டிலிருந்தவை ஒரு போர்வையும் ஒரு நீர்க்கிண்ணமும் மட்டுமே. அவற்றைக் கொண்டுவரச் செய்து, பெருமானார் தாமே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுத் தந்து, விறகு வெட்டி விற்கும்படியும், 15 நாள் கழித்து வரும்படியும் அனுப்பினார்கள். அவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு திரும்பினார்.

இதை வாஅழில் எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். அதன் கணக்கைத்தான் கவனிக்கவில்லை. முதலை ஏன் தின்கிறான் ஏழை? வீட்டில் பசி இருப்பதால் தின்கிறான். ஆகவே பெருமானார் முதலில் வீட்டுக்கு ஒரு திர்ஹத்தை ஒதுக்கினார்கள். அதன் பிறகே தொழிலுக்கு ஒரு திர்ஹம். அடுப்பின் பணம் வேறு, தொழிலின் பணம் வேறு என்று அன்றே பிரித்துவிட்டார்கள். தொழிலுக்கானதைக் காசாகவன்றிக் கருவியாகக் கொடுத்தார்கள். தவணை சொன்னார்கள், கணக்கும் கேட்டார்கள். நாமோ வயிற்றுக்கும் போதாத, தொழிலுக்கும் போதாத ஒரு தாளைக் கையில் திணித்துவிட்டு, "தின்றுவிட்டானே" என்று அவன்மீது பழி சுமத்துகிறோம். தின்னும்படி கொடுத்தவர்கள் நாம்தாமே?

"ஐந்து பேருக்கு முதல் கொடுத்தால் மற்றவர்கள் ஏமாறுவார்களே" என்கிறார்கள். 20 இலட்ச ரூபாய்க்கு ஜகாத் 50,000 ரூபாய். அதை 200 ரூபாயாகப் பிரித்தால் 250 கைகள். 10,000 ரூபாயாகப் பிரித்தால் ஐந்து குடும்பங்கள். உழைக்க இயலாத முதியோருக்கும் நோயாளிக்கும் உணவுக்கும் மருந்துக்கும் கொடுத்தே தீர வேண்டும். அவர்கள் பங்கில் கைவைக்க நான் சொல்லவில்லை. ஆனால் உழைக்கும் கையுள்ளவரையும் அதே வரிசையில் ஆண்டுதோறும் நிறுத்திவைப்பது தர்மமா? பத்து வீடுகள் பைத்துல்மாலில் ஒன்றுகூடினால், முதியோர் பங்கை ஒதுக்கிய பின்னரும் ஆண்டுக்கு 25 குடும்பங்கள் வரிசையை விட்டு வெளியேறும்.

சிறு தொகையின் வலிமையைப் பிறர் கண்டுகொண்டார்கள். 1976-இல் வங்காள தேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முஹம்மது யூனுஸ் என்ற பொருளியல் பேராசிரியர் 42 பேருக்குக் கடன் கொடுத்தார். அத்தனை பேரின் தேவையும் சேர்ந்து 27 டாலர்தான்! அதிலிருந்து வளர்ந்த கிராமின் வங்கி வட்டி வாங்குகிறது. அவ்வழி நமக்கு ஆகாது. ஆனால் வட்டியின்றியும் இயலும் என்பதற்கு லாகூரில் 2001-இல் தொடங்கிய 'அகுவத்' சான்றாக நிற்கிறது. 10,000 ரூபாயை ஒரு விதவைக்கு அழகிய கடனாகக் கொடுத்துத் தொடங்கிய அப்பணி, பள்ளிவாசல்களிலேயே அமர்ந்து கடன் வழங்கி வளர்ந்தது. ஜகாத் பெறத் தகுதியில்லாத நடுத்தர இளைஞனுக்கு இந்தக் கர்ளு ஹஸனே வழி. நம் பள்ளிவாசல்களில் இடமில்லையா? நிர்வாகிகள் இல்லையா? எது இல்லை?

இளைஞர்களுக்கும் ஒரு சொல் உண்டு; அது கசக்கும். முதல் இல்லையென்று சொல்லும் தம்பிமார்களில் சிலர், பணம் கிடைத்ததும் கண்ணாடிக் கதவுக்கும் வண்ண விளக்குக்கும் திறப்பு விழாவுக்கும் அதைக் கரைத்துவிட்டுச் சரக்கு வாங்கக் கடன் தேடுகிறார்கள். மக்காவில் செல்வராயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தபோது, ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதை வாழ்த்தி மறுத்த அப்துர் ரஹ்மான் கேட்டது, கடைத்தெரு எங்கே என்பதுதான். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். ஆகவே தம்பி, தலைச்சுமையோ தள்ளுவண்டியோ, விற்கத் தெரிந்த ஒன்றை விற்கத் தொடங்கு. அன்றாட வரவு செலவை ஒரு நோட்டில் எழுது. வீட்டுச் செலவைக் கல்லாவிலிருந்து எடுக்காதே. தள்ளுவண்டியைக் கேவலமென்று சொல்லும் உறவினரின் பேச்சு உன் அடுப்பை எரிக்காது.

செல்வந்தர்களே! வரும் ரமலானில் கட்டுப் பிரிக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். வரிசையில் நிற்பவரிடம், "உமக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேளுங்கள். தையல் தெரிந்தவளுக்குத் தையல் இயந்திரத்தையும், மீன் விற்பவளுக்குத் தராசையும் கூடையையும் ஒரு நாள் சரக்கையும், அவற்றோடு ஒரு மாதத்து அரிசியையும் சேர்த்துக் கொடுங்கள். நான்கு மாதம் கழித்துச் சென்று விசாரியுங்கள்.

இடியாப்பம் விற்கும் தாய்க்குச் சென்ற ரமலானில் நாங்கள் நால்வர் சேர்ந்து தண்டல் பாக்கியை அடைத்து, ஒரு மாதத்துச் சரக்கும் வாங்கிக் கொடுத்தோம். எட்டாம் ஆண்டில்தான் புத்தி வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வரும் ரமலானில் அவர் என் வாசலுக்கு வராமலிருக்க வேண்டும் என்பதே என் துஆ. அந்தத் துஆவுக்கு ஆமீன் சொல்லும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை?