பவர் ஏறுவது கண்ணாடியாலா?

"நாலு வயசுப் பிள்ளைக்குக் கண்ணாடி எதுக்கு? போட்டால் பவர் ஏறிடும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பிள்ளைகளுக்கு வெயிலும் வயலும் போதும்" என்கிறார்கள். பாதிதான் சரி.

வெயில் கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடும். சீனாவின் குவாங்சோவில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்ட பள்ளிகளில், மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. ஆனால் வந்த பவரை வெயில் இறக்காது. கண்ணாடியும் பவரை ஏற்றாது; வேண்டுமென்றே பவர் குறைத்துக் கண்ணாடி கொடுத்த மலேசிய ஆய்வில் (2002) கிட்டப்பார்வை இன்னும் வேகமாகத்தான் ஏறியது!

அதுசரி, வயல் பக்கத்தில் இருந்தால் ஆயிற்றா? பிள்ளை திண்ணையில் செல்போனோடு அல்லவா உட்கார்ந்திருக்கிறது?

தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கூட்டிப்போய்ச் சோதியுங்கள். கண்ணாடி மட்டும் போதுமா, பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தும் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.