வீட்டுப் பட்டறை: கறுப்பில் வெள்ளைக் கோடு

புனே நகரில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நம் அன்பர் ஒருவர் முல்ஷிப் பக்கத்தில் சிறு தோட்டம் ஒன்று வாங்கியிருக்கிறார். மேடும் பள்ளமுமான நிலம். மழைக்காலத்தில் சேறு காலை விடாது. கிணற்றடியிலிருந்து மேட்டுப் பாத்திகளுக்கு எருவும் நாற்றும் கொண்டு செல்வதற்காக, 'ஏ.டி.வி.' என்று மூன்றெழுத்தால் வழங்கும் நாற்சக்கரச் சிறுவண்டி ஒன்றை அவர் வாங்கினார். 110 சி.சி. என்ஜின், இருவர் கைமாறி வந்த பழைய வண்டி. வந்த மூன்றாம் நாளே அது மௌன விரதம் பூண்டது. பொத்தானை அழுத்தினால் என்ஜின் சுழலும், ஆனால் பற்றாது.

அன்று நாமும் உடனிருந்தோம். அடுத்த சிற்றூரிலிருந்து ஒரு மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். அவர் இருக்கையைக் கழற்றினார். கம்பிக் கற்றைக்குள் கைவிட்டார். ஒரு கம்பியைத் தேடியெடுத்து நறுக்கென்று வெட்டினார். வெட்டிய முனைகளில் டேப்பைச் சுற்றினார். பத்து நிமிடத்தில் வண்டி உறுமியது. "ஹோ கயா, ஸாப்" என்று கூறிக் கூலியைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். நாம் எல்லோரும் கைதட்டினோம். வெட்டிய கம்பி எதற்கு உரியது என்று நம்முள் ஒருவரும் கேட்கவில்லை. இப்பக்கத்தை எழுதும் நாமும் கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அன்று முதல் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்பதில்லை. சோக்கை முழுதும் இழுத்து, மூச்சுத் திணறச் செய்தே அன்பர் அதை நிறுத்திவந்தார். பழைய வண்டிக்கு இப்படி ஒரு குணம் என்று வீட்டார் சிரித்துக்கொண்டனர். ஒரு மாதம் சென்றது. விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய தமக்கை மகன், பதினான்கு வயதுப் பிள்ளை, "ஒரே ஒரு சுற்று, மாமா" என்று கெஞ்சி வண்டியில் ஏறினான். கட்டைவிரலால் தள்ளும் ஆக்ஸிலேட்டர் நெம்புகோலில் சேறு புகுந்து இறுகிக்கொண்டது. விரலை எடுத்த பின்னும் வண்டி விரைந்தது. பிரேக்கோ ஈரத்தில் ஊறியிருந்தது. முன்னே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. பிள்ளை மதியுள்ளவன், கைப்பிடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினான். ஒருமுறையன்று, மூன்று முறை அழுத்தியதாகப் பின்னர் சொன்னான். என்ஜின் நிற்கவில்லை. வரப்பின்மேல் வண்டியைத் திருப்பிக் கவிழ்ந்து விழுந்தான். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்ததோடு தப்பினான்.

அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு உரிய கம்பியைத்தான் ஒரு மாதத்திற்கு முன் நம் கண்ணெதிரே வெட்டினார்கள். ஆகவே இத்திங்கள் வீட்டுப் பட்டறையில், பழைய ஏ.டி.வி. ஒன்றில் தீப்பொறி வராதபோது பழுதை எவ்வாறு முறையாகத் தேடுவது என்பதை விரித்துரைக்க முற்படுகிறோம். ஏ.டி.வி. இல்லாத இல்லத்தாரும் இதைத் தள்ளிவிட வேண்டா. பழைய மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் பலவற்றில் இதே வகை அமைப்பே உள்ளது.

முதலில் தீப்பொறி பிறக்கும் வரலாறு. என்ஜினோடு சுழலும் சக்கரத்தில் காந்தங்கள் பதிந்துள்ளன. அதனை மாக்னெட் என்பர். அதனுள் அசையாது நிற்பது காயில் பிளேட். காந்தம் சுழலச் சுழல, காயில் பிளேட்டிலுள்ள மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்தை எழுப்புகிறது. அது 'சி.டி.ஐ.' என்னும் சிறு கறுப்புப் பெட்டிக்குள் சென்று, அங்குள்ள கெப்பாசிட்டரில், குடத்தில் நீர் நிறைவதுபோல் நிறைகிறது. பிஸ்டன் உரிய இடத்தை அணுகும்போது பிக்கப் காயில் என்னும் வேறொரு சுருள் "இப்பொழுது" என்று குறிப்புக் காட்டுகிறது. உடனே பெட்டி குடத்தைக் கவிழ்க்கிறது. அந்த மின்சாரம் எச்.டி. காயிலுக்குள் பாய்ந்து, பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகி, பிளக்கின் முனையில் பொறியாகத் தெறிக்கிறது. இவ்வகையில் பொறி பிறப்பதற்குப் பேட்டரியே வேண்டுவதில்லை.

இத்தகைய வண்டியை நிறுத்துவது எப்படி? பெட்டியிலிருந்து புறப்படும் ஒரு கம்பியை வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு, சேர்த்துவிட்டால் குடம் நிறையாமலே வடிந்துவிடும், பொறி அணைந்துவிடும். சாவியும் சிவப்புப் பொத்தானும் செய்யும் வேலை இவ்வளவே. வீட்டு விளக்கின் சுவிட்ச் இணைத்தால் எரியும், பிரித்தால் அணையும், இது நேர்மாறானது. இணைத்தால் அணையும், பிரித்தால் எரியும். இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிப் பழுது விளங்கிவிடும். நிறுத்தும் கம்பி எங்கேனும் தோல் உரிந்து சட்டத்தில் உராய்ந்தால், எவரும் பொத்தானை அழுத்தாமலே வண்டி "நிறுத்தப்பட்ட" நிலையில் கிடக்கும். அக்கம்பியை வெட்டினால் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் நிற்காது.

பெட்டியில் ஐந்து ஊசி கொண்ட சிறு ஏ.டி.வி.க்களில் பெரும்பாலும் காணப்படும் நிறங்கள் இவை. பச்சை, எர்த். கறுப்பில் சிவப்புக் கோடு, பெட்டியை நிறைக்கும் சுருளிலிருந்து வருவது. நீலத்தில் வெள்ளைக் கோடு, பிக்கப் காயில். கறுப்பில் மஞ்சள் கோடு, எச்.டி. காயிலுக்குச் செல்வது. கறுப்பில் வெள்ளைக் கோடு, நிறுத்தும் கம்பி. எனினும் கைமாறி வந்த வண்டியில் நிறத்தை மட்டும் நம்பலாகாது. இடையில் யார் எந்தக் கம்பியை ஒட்டுப்போட்டாரோ! கம்பி எங்கிருந்து எங்கே செல்கிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தே துணிதல் வேண்டும்.

இனித் தேடும் முறை. வண்டியை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரங்கள் தரையில் படாதவாறு முட்டுக்கொடுங்கள். பெட்ரோல் கலத்தை அப்புறப்படுத்துங்கள். பொத்தானை அழுத்தியும் என்ஜின் சுழலவே இல்லையெனில் அது வேறு பழுது. பேட்டரி, பியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல வண்டிகள் பிரேக்கைப் பிடித்தாலன்றிச் சுழலா என்பதும் நினைவிலிருக்கட்டும். சுழன்றும் பற்றாவிடில் மேலே செல்க.

முதற்படி, சாவி, சிவப்புப் பொத்தான், சில வண்டிகளின் பின்புறம் கயிற்றோடு தொங்கும் பாதுகாப்புச் செருகி ஆகிய மூன்றும் ஓடும் நிலையில் உள்ளனவா என்று பாருங்கள். சில சிறுவர் வண்டிகளில் தொலைவிலிருந்து நிறுத்தும் ரிமோட் பெட்டியும் உண்டு.

இரண்டாம் படி, புதிய பிளக் ஒன்றை எச்.டி. கம்பியின் தொப்பியில் மாட்டுங்கள். பழைய பிளக் தன் துளையிலேயே இருக்கட்டும். துளை திறந்திருந்தால் பெட்ரோல் ஆவி வெளிப்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். புதிய பிளக்கின் உலோக உடலை என்ஜினின் வெற்று உலோகத்தில் அழுந்தப் பொருத்தி, நிழலில் வைத்து என்ஜினைச் சுழற்றிப் பாருங்கள். நீலப் பொறி தெறித்தால் பழுது பழைய பிளக்கிலோ, பெட்ரோல் வழியிலோ இருக்கலாம். பிளக்கின் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். சுழலும்போது பிளக்கையும் கம்பியையும் வெறுங்கையால் தொடலாகாது. பிளக்கை எர்த்தில் படாமல் தொங்கவிட்டுச் சுழற்றுவதும் பெட்டிக்குக் கேடு.

மூன்றாம் படியே இக்கட்டுரையின் உயிர். பெட்டியின் கப்ளரைக் கழற்றுங்கள். வண்டியின் பக்கமுள்ள கப்ளரில், கறுப்பு வெள்ளைக் கம்பிக்கும் பச்சைக் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். சாவி ஓடும் நிலையிலும் பொத்தான் ஓடும் நிலையிலும் இருந்தால், இரண்டுக்கும் தொடர்பே காட்டக்கூடாது. சாவியை மூடினால் ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும். சாவியைத் திறந்து பொத்தானை மட்டும் அழுத்தினாலும் அவ்வாறே. சாவி திறந்திருக்கும்போதே பூச்சியம் காட்டினால், கம்பி எங்கோ எர்த்தில் படுகிறது. அல்லது சாவியோ பொத்தானோ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றின் கப்ளரையும் தனித்தனியே கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் பூச்சியம் மறைகிறதோ, அதுவே குற்றவாளி. எதைக் கழற்றியும் மறையாவிடில் கம்பியைத் தொடருங்கள். கைப்பிடி திரும்பும் கழுத்து, சைலன்ஸரின் அருகு, இருக்கையின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் உராய்வும் வெப்பமும் எலியின் பல்லும் தம் வேலையைக் காட்டும்.

நான்காம் படி, அங்கே குறையில்லையெனில், காயில் பிளேட்டிலிருந்து வரும் கம்பிகளை அளந்து பாருங்கள். கறுப்புச் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே பொதுவாகச் சில நூறு ஓம் இருக்கும். நீல வெள்ளைக்கும் பச்சைக்கும் இடையே பெரும்பாலும் 100 முதல் 200 ஓம் வரை இருக்கும். சரியான அளவுக்கு அந்தந்த வண்டியின் கையேடே சான்று. முற்றிலும் தொடர்பின்மையோ முழுப் பூச்சியமோ கண்டால் சுருள் கெட்டது என்க. எச்.டி. காயிலின் உட்சுற்று பெரும்பாலும் ஓர் ஓமுக்கும் குறைவு. வெளிச்சுற்று சில ஆயிரம் ஓம். பச்சைக் கம்பிக்கும் வண்டிச் சட்டத்திற்கும் இடையே தடை ஏதும் இருக்கலாகாது. மழைக்காலத்தில் எர்த் திருகின் அடியில் துரு ஏறியே பல வண்டிகள் நின்றுபோகின்றன. இவை யாவும் சரியாக இருந்தால் மட்டுமே பெட்டியை ஐயுறலாம். நம்மவர் பலர் பெட்டியையே முதலில் மாற்றிப் பணத்தை இழக்கின்றனர்.

ஓர் எச்சரிக்கை. சில பெட்டிகள் பேட்டரியின் 12 வோல்ட்டால் இயங்குவன. கழற்றிய கப்ளரின் ஏதேனும் ஓர் ஊசியில், சாவியைத் திறந்ததும் 12 வோல்ட் வந்தால் அவ்வகை என்று அறிக. அங்கே பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தியே என்ஜினை நிறுத்துவர். மேற்சொன்ன மூன்றாம் படி அதற்குப் பொருந்தாது.

பழுது கண்ட கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது மருந்தாகாது. ஒரே மழையில் நீர் புகுந்து பச்சைக் களிம்பு பூத்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய்த் தோலைப் போர்த்தி, உராயாத வழியில் கட்டுங்கள். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ் போடுங்கள். வெறுங்கம்பியைச் சுற்றுவது வீட்டுக்குள் தீயை அழைப்பதாகும்.

பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இன்னொரு குறை உண்டு. மெக்கானிக்கிடம் வாதாடப் போதிய சொல் இல்லாமையால், வண்டி ஓடினால் போதும் என்று தலையசைத்துவிடுகிறோம். அவர்மேல் மட்டும் பழி சுமத்துவது நேர்மையன்று. "சீக்கிரம் ஓட்டிக்கொடு" என்றுதானே நாம் கேட்டோம்! நிறுத்தும் கம்பியைச் சோதனைக்காகச் சிறிது நேரம் பிரிக்கலாம், பிரித்தபடியே விடலாகாது. வட நாட்டு அன்பர்கள் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: "காலா ஸபேத் தார் மத் காட்னா." கறுப்பு வெள்ளைக் கம்பியை வெட்டாதே என்பது பொருள். வேலை முடிந்து கூலி கொடுக்குமுன், என்ஜினை ஓடவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். மறுபடி ஓடவிட்டுச் சாவியை மூடுங்கள். இரண்டிலும் நின்றால் கூலி கொடுங்கள். பழைய வண்டியை விலை பேசும்போதும் இதுவே முதற் சோதனையாகட்டும். ஓடுகிறதா என்று எல்லோரும் பார்ப்பர். நிற்கிறதா என்று பார்ப்பவரே அறிவுடையார்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பதினாறு வயது நிரம்பாதோர் இவ்வண்டியை ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. சிறுவண்டி என்னும் பெயர் கண்டு சிறுவர் வண்டி என்று மயங்கலாகாது.

அன்பரின் தோட்டத்திற்குச் சென்ற ஞாயிறன்று மீண்டும் சென்றோம். பழைய பழுது கைப்பிடிக் கழுத்தில் இருந்தது. கறுப்பு வெள்ளைக் கம்பி நகக்கண் அளவு தோல் உரிந்து சட்டத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதைச் செப்பனிட்டு, வெட்டிய இடத்தையும் இணைக்க ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. ஆக்ஸிலேட்டர் கேபிளையும் புதிதாக மாற்றினோம். கை ஏணையில் தொங்க, பிள்ளை அருகில் நின்று பார்த்தான். எல்லாம் முடிந்ததும், "நான் அழுத்தட்டுமா, மாமா?" என்று கேட்டான். இடக்கையால் பொத்தானை அழுத்தினான். என்ஜின் நின்றது. இம்முறை எவரும் கைதட்டவில்லை. அன்பர் மட்டும், "இன்னொரு முறை பார்" என்றார்.